பனியனில் ஒரு சிவப்புப் புள்ளி: ஆண்களுக்கான மார்பகப் புற்றுநோய் வழிகாட்டி

2019ஆம் ஆண்டு. பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் தன் சட்டையில் சின்னதாக ஒரு ரத்தப் புள்ளியைப் பார்த்தார். அடுத்து வேறொரு சட்டை போட்டார், அதிலும் புள்ளி. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கை விரிப்பிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததாக மனைவி சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் போனார். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய், முதல் நிலை. அப்போது அவருக்கு வயது 67. இத்தனைக்கும் ஒரு காலத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் மார்பகத்தைப் படமெடுக்கும் கருவிகளை விற்றவர் அவர். கருவியை விற்றவருக்கே, அது தன் மார்புக்கும் பயன்படும் என்று தோன்றுவதற்கு ஒரு சட்டைக்கறை தேவைப்பட்டது.

நம் வீடுகளில் அந்தக் கறை பெரும்பாலும் வெள்ளைப் பனியனில்தான் படும். அதைத் துவைப்பவர் கண்ணில் படும். அணிந்தவர் கண்ணில் படாது. ஆகவே இந்தக் கட்டுரையை ஆண்கள் மட்டும் படித்தால் போதாது.

ஆண்களின் மார்பில் சதை குறைவு. பட்டாணி அளவுக் கட்டிகூட விரலுக்குத் தட்டுப்படும். கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு எளிதான இடத்தில் வரும் நோய், பெண்களைவிட ஆண்களிடம் முற்றிய நிலையில் கண்டறியப்படுவது ஏன்? கட்டி கைக்குத் தட்டுப்பட்ட நாளுக்கும் மருத்துவர் முன்னால் சட்டையைக் கழற்றிய நாளுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களைக் குறைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஆணுக்கு ஏது மார்பகம்?

இருக்கிறது. பருவமடையும் வரை ஆண் பெண் இருபாலருக்கும் முலைக்காம்புக்குப் பின்னால் இருக்கும் திசு ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு பெண்ணுக்கு அது வளர்கிறது. ஆணுக்குச் சில மெல்லிய குழாய்களோடு அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில்தான் ஆண்களின் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குகிறது. அதனால்தான் கட்டி அநேகமாகக் காம்புக்கு அடியிலோ, சற்று ஒதுங்கியோ வருகிறது.

அளவு தெரிந்தால் பயமும் அளவோடு இருக்கும். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் ஆண். அறுபதைத் தாண்டியவர்களிடமே அதிகம், முப்பதுகளில் அரிது. பதினான்கு வயதுப் பையனின் காம்புக்கு அடியில் வலியோடு ஒரு வீக்கம் என்றால் அது பருவக்கால ஹார்மோன் செய்யும் வேலை. பாதிப் பையன்களுக்காவது இது வரும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே வற்றிவிடும். அவனைக் கேலி செய்யாமல் இருந்தால் போதும். இன்று கேலிக்குப் பயந்து சட்டையைக் கழற்ற மறுக்கும் பையன், அறுபது வயதில் மருத்துவர் முன்னாலும் தயங்குவான் என்பது என் எண்ணம்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை என்று யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருக்கிறதா? ஆண்கள் யாருக்காவது மார்பகத்திலோ கணையத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ புற்றுநோய் வந்ததா? தாய்வழியைப் போலவே தந்தைவழியையும் விசாரியுங்கள். ‘இது பெண்கள் வழியாக வருவது’ என்ற நினைப்பில் அப்பாவின் பக்கத்தை நாம் கேட்பதே இல்லை. பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் வரும் பழுது தந்தையிடமிருந்தும் சமமாகவே இறங்கும். பொதுவாக ஓர் ஆணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு, அமெரிக்கக் கணக்குப்படி, ஆயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். இந்தப் பழுது உள்ள ஆணுக்கு அது நூறில் ஏழு அளவுக்கு ஏறிவிடுகிறது. மேத்யூ நோல்ஸுக்கும் இருந்தது இதுதான்.

இந்த விசாரணையில் ஒரு சிக்கல் உண்டு. நம் குடும்பங்களில் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. ‘பெரிய வியாதி’, ‘மார்ல கட்டி வந்து போய்ச் சேர்ந்தா’ என்பதோடு கதை முடிந்துவிடும். வயதான அத்தைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். கேட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், ஏறத்தாழ எத்தனை வயதில். பின்னால் மருத்துவரிடம் அந்தத் தாள் நிறைய வேலை செய்யும்.

மரபணு தவிர, ஆண் உடலில் பெண்மைக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும் நிலைகள் ஆபத்தைக் கூட்டுகின்றன. கல்லீரல் சுருக்க நோய், அதிக உடற்பருமன், பிறக்கும்போது விதைகள் பைக்குள் இறங்காமல் இருந்தது அல்லது அவை பழுதுபட்டது போன்றவை இதில் சேரும். வேறொரு நோய்க்காக முன்பு மார்பில் கதிர்வீச்சு பெற்றவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள ஆண்களுக்கு, மற்ற ஆண்களைவிட ஆபத்து பல மடங்கு. அப்படி ஒன்று இருப்பதே குழந்தையின்மைக்காகப் பரிசோதித்துக்கொள்ளும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

இந்தப் பட்டியலில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பட்டியலில் நீங்கள் இல்லை என்பதற்காகக் கட்டுரையை மூடிவிட வேண்டாம்.

தொட்டுப் பார்ப்பது எப்படி?

முன்கூட்டியே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும் சுயபரிசோதனை செய்தால் எல்லோர் உயிரும் காப்பாற்றப்படும் என்று வாக்குறுதி தர முடியாது. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண் தொழிலாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொண்ட குழுவில் மரணங்கள் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான பயாப்சிகள், அதாவது சதை எடுத்துச் சோதிப்பதுதான் கூடின. ஆண்களுக்கென்று பொதுவான மேமோகிராம் திட்டம் எந்த நாட்டிலும் பரிந்துரைக்கப்படவில்லை. நோய் அவ்வளவு அரிது.

ஆகவே என் பரிந்துரை இது. ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவர் தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களில் ஒன்றில் பழுது உள்ளவர் 35 வயதிலிருந்து சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடமும் மார்பைக் காட்ட வேண்டும். பி.ஆர்.சி.ஏ.2 பழுது உள்ளவர்களுக்கு 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பது பற்றியும் மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

இதற்கு நம் ஊரில் ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது: எண்ணெய்க் குளியல். எண்ணெய் பூசிய உடம்பில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். சிறு மேடுகூடத் தெரியும். எண்ணெய் தேய்க்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்குச் சோப்பு நுரை இருக்கிறது.

குளிக்கப் போகுமுன் கண்ணாடி முன்னால் வெற்று மார்போடு நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு ஒரு பார்வை, தலைக்கு மேல் தூக்கி ஒரு பார்வை, இடுப்பில் கைவைத்து நன்றாக அழுத்தி ஒரு பார்வை. கடைசி நிலையில் மார்புத் தசை இறுகும். உள்ளே ஏதாவது தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அப்போது குழி விழும். ஒரு காம்பு மட்டும் உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளிபுள்ளியாகத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு குளியலறையில். இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையின் நடு மூன்று விரல்களால் இடது மார்பைத் தடவுங்கள். விரல் நுனியால் குத்தக் கூடாது. நாடி பார்க்கும்போது வைப்போமே, அந்தச் சதைப்பற்றான பகுதியால் தடவ வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவில் சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வோர் இடத்திலும் முதலில் மெதுவாக, பிறகு சற்று அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டுப்படும் வரை. எல்லை எது தெரியுமா? மேலே காறை எலும்பு, கீழே மார்பு முடியும் மடிப்பு, உள்ளே நடு எலும்பு, வெளியே அக்குள். ஆண்கள் பலர் காம்பைச் சுற்றித் தடவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அக்குளை விடக் கூடாது. கையைப் பாதி இறக்கித் தளர்த்திக்கொண்டு அக்குளின் குழிக்குள் விரல்களை நுழைத்துப் பாருங்கள்; கை உயர்ந்திருந்தால் அங்கே தசை இறுகி எதையும் உணரவிடாது. கடைசியாகக் காம்புக்கு நேர் அடியில். அதன்பின் மறுபக்கம்.

எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகாது. முதல் தடவை எல்லாமே கட்டி போலத்தான் தோன்றும். விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் முடிச்சைப் புற்றுநோய் என்று நினைத்துப் பயந்தவர்கள் உண்டு. மறுபக்கத்தில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது அநேகமாக உங்கள் உடம்பின் அமைப்புதான்.

கையில் பட்டது என்ன?

ஆண்களின் மார்பில் வரும் வீக்கங்களில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. கைனகோமாஸ்டியா என்னும் மார்பு வீக்கமே அதிகம். அது காம்பை நடுவில் வைத்துத் தட்டு போலப் பரவியிருக்கும், ரப்பர் போல இருக்கும், தொட்டால் வலிக்கலாம், பல நேரம் இரண்டு பக்கமும் இருக்கும். மதுவாலோ கல்லீரல் நோயாலோ வரும், மாத்திரைகளாலும் வரும். கல்லீரல், இதய நோயாளிகளுக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன், புராஸ்டேட் வீக்கத்துக்கும் தலைமுடிக்கும் தரும் ஃபினஸ்டிரைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் ஆகியவை இதில் பெயர் போனவை. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியும் இந்த வேலையைச் செய்யும். மாத்திரைதான் காரணம் என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.

புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஒரே பக்கம், கல் போலக் கடினம், ஓரம் ஒழுங்கற்றது, காம்பின் நடுவிலிருந்து சற்று விலகியது. முக்கியமாக, அது வலிப்பதில்லை. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். வலித்தால்தான் நோய் என்பது நம் கணக்கு. வலிக்காத கட்டியை ‘அது பாட்டுக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். மார்பைப் பொறுத்தவரை வலிக்காத கல்லுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கட்டியே இல்லாமலும் அறிகுறி வரலாம். காம்பிலிருந்து கசிவு, அதுவும் ரத்தம் கலந்த கசிவு. காம்பின் மேல் ஆறாத புண், செதில். படை என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வாரத்தில் ஆறாத காம்புப் புண் எதையும் களிம்பை நம்பி விடக் கூடாது. அக்குளில் நெறி கட்டியிருந்தாலும் அப்படியே.

இந்த ஒப்பீடுகளைச் சொன்னது உங்களை மருத்துவராக்குவதற்கு அல்ல. புதிதாக வந்த எந்த மாற்றமும் காட்டப்பட வேண்டியதே.

மருத்துவரிடம் போகும்போது

பெண்கள் நல மருத்துவரைத் தேட வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் பொது அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிச் சீட்டுப் போடுங்கள். தனியாரிடம் என்றால் பொது அறுவை சிகிச்சை நிபுணர் அல்லது புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர். குடும்ப மருத்துவரிடம் முதலில் போவதும் சரியே.

உள்ளே போனதும் ‘கொஞ்சம் நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு’ என்று சுற்றி வளைத்தால் இதயப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். நேராகச் சொல்லுங்கள்: ‘டாக்டர், இடது மார்பில் காம்புக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. இரண்டு மாதமாக இருக்கிறது. வலி இல்லை. என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது.’ இந்த நான்கு வாக்கியங்களுக்குப் பிறகு யாரும் உங்களை எளிதில் திருப்பி அனுப்பமாட்டார்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் குடும்ப விவரம் எழுதிய தாளையும் கூடவே நீட்டுங்கள்.

தொட்டுப் பார்க்காமலேயே ‘கொழுப்புக் கட்டிதான், போங்கள்’ என்றால்? மரியாதையாகவே கேட்கலாம்: ‘ஒரு படம் எடுத்து உறுதி செய்துகொள்ளலாமா?’ அதற்கும் மறுத்தால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, மஞ்சள் பற்றுப் போட்டும் ஒத்தடம் கொடுத்தும் மாதங்களைக் கழிப்பது. மற்றொன்று இன்னும் ஆபத்தானது: சின்ன மருத்துவமனையில் அரைமணி நேரத்தில் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது. உடம்பிலிருந்து எடுத்த கட்டி எதுவானாலும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அறிக்கையைக் கையில் வாங்காமல் தையல் பிரிக்கப் போகாதீர்கள்.

பரிசோதனை அறையில்

ஆணுக்கும் மேமோகிராம் எடுக்கலாம், நன்றாகவே தெரியும். இளைஞர்கள் என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சங்கடம் வேறு இடத்தில். காத்திருக்கும் அறை முழுக்கப் பெண்கள். ‘யாருக்கு சார், வீட்டம்மாவுக்கா?’ என்று பணியாளர் கேட்பார். ‘எனக்குத்தான்’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பத்து நிமிடத்தில் அந்த அறையில் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள். அவரவருக்கு அவரவர் கவலை.

படத்தில் சந்தேகம் இருந்தால் பயாப்சி. மரக்க ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போலச் சில துண்டுகள் சதை எடுப்பார்கள். ‘ஊசி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். பயாப்சியால் நோய் முற்றிவிடுவதில்லை; தள்ளிப்போடும் மாதங்களில்தான் முற்றுகிறது.

புற்றுநோய் என்று உறுதியானால் அதே சதையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (அந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடங்கள்), ஹெர்2 என்ற புரதம் ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். சிகிச்சை முழுவதும் இந்த மூன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். வேறு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்கும்போது மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருக்காது.

முடிவு புற்றுநோய் என்று வந்தால்

ஆண்களுக்குச் சதை குறைவு என்பதால் பெரும்பாலும் அந்தப் பக்க மார்பகத் திசுவைக் காம்போடு முழுதாக எடுப்பார்கள். அக்குள் நெறிகளையும் சோதிப்பார்கள். நிலையைப் பொறுத்துக் கதிர்வீச்சு, கீமோ. ஆண்களின் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. ஆகவே ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை குறைந்தது ஐந்து ஆண்டு எழுதுவார்கள். உடல் திடீரென்று கொதிப்பது, தாம்பத்திய நாட்டம் குறைவது போன்ற தொல்லைகளால் ஆண்கள் பலர் இதைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; வழி உண்டு. கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அது ரத்தக் கட்டாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

செலவு பற்றி: தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது. அட்டை இல்லையென்றால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் பயாப்சி கொடுத்த அன்றே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் இந்த நோய்க்கென்றே இருப்பவை. இலங்கைத் தமிழர்களுக்கு மகரகம அபேக்ஷா மருத்துவமனையும் வடக்கில் தெல்லிப்பழை ஆதார மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவும் உள்ளன.

ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் ரவுண்ட்ரீக்கு 1993இல் இந்த நோய் கண்டறியப்பட்டது. அதிரடி நாயகனாகப் பெயர் எடுத்தவர் முதலில் அதை வெளியே சொல்லவில்லை; பின்னர் மேடையேறிப் பேசினார். அதன்பின் முப்பது ஆண்டு வாழ்ந்தார். அமெரிக்க செனட்டராக இருந்த எட்வர்ட் புரூக்குக்கு 2002இல், எண்பதைத் தாண்டிய வயதில் வந்தது. அவர் இறந்தது 2015இல், 95 வயதில்.

உங்கள் அக்காவுக்கும் மகளுக்கும்

மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் ஒவ்வொருவரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இன்றைய மருத்துவப் பரிந்துரை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். பி.ஆர்.சி.ஏ. பழுது இருப்பது தெரிந்தால், அது உங்கள் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இறங்கியிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, உடன்பிறந்தவர்களுக்கும் அப்படியே. மகளுக்கு அது மார்பகத்திலும் சினைப்பையிலும் பெரிய ஆபத்து. மகனுக்கு மார்பகத்தோடு புராஸ்டேட்டும் சேரும்.

இதைச் சொல்லத்தான் பல அப்பாக்கள் தயங்குகிறார்கள். கல்யாணம் ஆகாத பெண், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்லுங்கள். நீண்ட முன்னுரை தேவையில்லை. ‘அம்மாடி, எனக்கு எடுத்த மரபணுச் சோதனையில் ஒரு பழுது இருக்கிறது என்கிறார்கள். உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் அறிக்கையை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைக் காட்டி உனக்கும் ஒரு சோதனை எடுத்துவிடலாம். எந்த நாள் வசதி என்று சொல், நானும் கூட வருகிறேன்.’